எடிட்டிங் டேபிளில் வரும் பேய்

சத்யஜித் ராய் 1961-ல் எடுத்த 'தீன் கன்யா'வில் மூன்று கதைகள். நடுவில் வருவது தாகூரின் 'மோனிஹாரா'. நகைப் பித்துப் பிடித்த மனைவி ஒருநாள் காணாமல் போகிறாள். கணவன் புதிய நகைப் பெட்டியை வைத்துக்கொண்டு இரவில் காத்திருக்கிறான். கடைசியில் அந்தப் பெட்டியைப் பற்ற ஓர் எலும்புக் கை நீள்கிறது. அது திரையில் இருப்பது கண நேரம்தான். அந்தக் கணத்துக்காக நம்மை அரைமணி நேரத்துக்கும் மேல் தயார் செய்திருக்கிறார்கள் ராயும் அவருடைய எடிட்டர் துலால் தத்தாவும். பேய்க் குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்கள் வேறு எதற்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும்.

மாணவர்கள் பேய்ப்படத்தை விரும்பி எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீடு, இரண்டு நடிகர்கள், ஓர் இரவு இருந்தால் போதும். பெரும்பாலான படங்கள் தோற்பதற்கும் காரணம் உண்டு. இருக்கும் பணமெல்லாம் மேக்கப்புக்கும் புகைக்கும் போய்விடுகிறது, ஒலிக்கும் எடிட்டிங்குக்கும் கடைசி இரண்டு நாள்தான் மிஞ்சுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். எடிட்டிங் டேபிளில் என்ன தேவைப்படும் என்று முதலில் யோசித்துவிட்டு அப்புறம் கேமராவைத் தூக்குங்கள்.

கொல்கத்தாவில் படிக்கப்போகும் தமிழ் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரி 1995-ல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தால் அங்கே நிறுவப்பட்டது. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, தயாரிப்பு, அனிமேஷன் எனத் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. சேருவதற்குப் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. எடிட்டிங் துறையில் படித்து வெளியே வந்த நம்ரதா ராவ், கொல்கத்தாவிலேயே நடக்கும் 'கஹானி' (2012) படத்துக்காக சிறந்த எடிட்டருக்கான தேசிய விருது பெற்றார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திரைப்பட ஆய்வுத் துறை தனியாக இருக்கிறது. எந்தக் கல்லூரியிலும் சேராமல் நண்பர்களோடு எடுக்கப் போகிறீர்கள் என்றாலும் கீழே சொல்வது பொருந்தும்.

கதையை எங்கே தேடுவது

புதிதாகக் கதை பிடிக்கத் திணறினால் தாகூரிடம் போங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். தாகூர் மறைந்தது 1941. 'மோனிஹாரா', 'கங்கால்', 'நிஷீதே', 'க்ஷுதித பாஷாண்' எல்லாவற்றையும் யாரிடமும் கேட்காமல் படமாக்கலாம். 1950-ல் மறைந்த விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் தாராநாத் தாந்திரிகன் கதைகளும் அப்படியே. ராய் எழுதிய பேய்க்கதைகளைத் தொடாதீர்கள். அவர் மறைந்தது 1992, உரிமை 2052 முடியும்வரை இருக்கிறது. தமிழிலிருந்து எடுக்க நினைத்தால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' காத்திருக்கிறது. பேயா மனுஷியா என்று சொல்லாமலே ஒருத்தியை வீட்டுக்குள் குடியேற்றிய கதை அது. கொல்கத்தா வீட்டுக்குள்ளும் அழகாகப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: மூலக்கதை பொதுச்சொத்து ஆகிவிட்டாலும் அதன் புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

வங்காளத்துப் பேய்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மீனுக்காக அலையும் மேச்சோ பூத், தலையில்லாத ஸ்கந்தகாட்டா, சதுப்பு நிலத்தில் வெளிச்சமாக மினுங்கும் ஆலேயா என்று பெரிய கூட்டமே இருக்கிறது. மாணவப் படத்துக்கு என் தேர்வு 'நிஷி'. இரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் பேய் அது. மூன்று முறை கூப்பிட்டால்தான் மனிதர் என்று நம்பிப் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். மேக்கப் வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம். ஒரு நல்ல குரல், ஒரு மூடிய கதவு. மூன்றாவது அழைப்பு வருமா வராதா என்ற காத்திருப்பே கதையாகிவிடும்.

கதைக்கு ஒரே ஒரு விதி போதும். இயக்குநர் டேவிட் சாண்ட்பெர்க் 2013-ல் தன் வீட்டுக்குள், மனைவி லோட்டா லோஸ்டனை நடிக்கவைத்து எடுத்த 'லைட்ஸ் அவுட்' மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. விளக்கை அணைத்தால் அது நிற்கிறது, போட்டால் இல்லை. அவ்வளவுதான் விதி. ஸ்விட்சைத் தட்டுவதே கட் ஆகிவிடுவதால் எடிட்டிங்கே பேயாகிவிடுகிறது. 2016-ல் அது முழுநீளப் படமாக வந்தது, இயக்கியதும் அவரே. கொல்கத்தா உதாரணம் வேண்டுமானால் சுஜோய் கோஷின் 'அஹல்யா' (2015). 14 நிமிடம், ஒரு பழைய வீடு, சௌமித்ர சட்டர்ஜி, ராதிகா ஆப்தே, தேடி வரும் ஒரு போலீஸ்காரர், சில பொம்மைகள். அகலிகை கதையைத் திருப்பிப்போட்ட படம். அதில் ஓரிடத்திலும் ரத்தம் இல்லை.

ஐந்து மணிக்கு இரவு

படப்பிடிப்புத் திட்டத்துக்குக் கொல்கத்தா தரும் பெரிய வசதியைப் பலர் கவனிப்பதில்லை. நகரம் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் நாடு முழுவதற்கும் ஒன்று. அதனால் டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அதே நாளில் இருட்ட இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5.30-க்கு இரவுக் காட்சியைத் தொடங்கினால் 9 மணிக்குள் மூன்றரை மணி நேரம் கையில் இருக்கும். எல்லோரும் கடைசி மெட்ரோவைப் பிடித்து வீடு போய்விடலாம். விடிய விடிய விழித்து எடுக்கும் இரவுப் படப்பிடிப்பில் தூக்கக் கலக்கத்தால் நடிப்பும் கெடும், விபத்தும் நேரும்.

இடத்தைப் பொறுத்தவரை பலரும் முதலில் சொல்வது 1767-ல் திறக்கப்பட்ட சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். அழகான இடம்தான், ஆனால் எல்லோரும் எடுத்து எடுத்துப் பழகிப்போனது. பேய் வீடு என்று பெயர் வாங்கிய ஷோபாபஜார் 'புதுல்பாரி'யிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் நிம்மதியைக் கெடுக்காதீர்கள். வடக்குக் கொல்கத்தாவில் நண்பரின் தாத்தா பாட்டி வீடு ஒன்று கிடைத்தால் அதுவே போதும். நடுமுற்றம், குறுகிய மாடிப்படி, சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த உயரமான ஜன்னல். அந்தப் பட்டைகள் வழியே தெருவிளக்கு உள்ளே விழுந்தால் பாதி ஒளிப்பதிவு முடிந்தது. சாலையில் எடுக்க கொல்கத்தா போலீஸ் அனுமதி வேண்டும், மெட்ரோவுக்குள் எடுக்க மெட்ரோ ரயில்வேயிடம் தனியாகக் கேட்க வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கேமரா பற்றிச் சுருக்கமாக இரண்டே விஷயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் பொருந்தாவிட்டால் பழைய வீட்டு ட்யூப்லைட் திரையில் துடிக்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்றாலும் ஷட்டர் 1/50-லேயே இருக்கட்டும். அடுத்தது, இருட்டை இருட்டாகவே எடுக்காதீர்கள். வெளிச்சம் குறைந்த படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அதைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. ஒரு படி கூடுதல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு கிரேடிங்கில் கீழே இறக்குங்கள்.

காது முதலில் பயப்படும்

'மோனிஹாரா' கதையில் தாகூர் பேயை முதலில் காதுக்குத்தான் கொண்டுவருகிறார். ஆற்றுப் படித்துறையில் நகைகள் குலுங்கும் ஓசை எழுகிறது. பிறகு வாசல், பிறகு மாடிப்படி, பிறகு அறைக்கதவு. ஒலியின் தூரம் குறையக் குறையப் பயம் ஏறுகிறது. ஒலிப்பதிவாளருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு மாதிரியே இருக்கும். ஒலியை மட்டும் வைத்துப் பயமுறுத்த முடியும் என்பதற்கு இன்றைய சாட்சி கொல்கத்தா ரேடியோ மிர்ச்சியின் 'சண்டே சஸ்பென்ஸ்'. வங்காளிக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக அந்த நிகழ்ச்சியில் பேய்க்கதை கேட்கின்றன. வங்காளம் புரியாவிட்டாலும் ஹெட்ஃபோன் போட்டு ஓர் அத்தியாயம் கேளுங்கள். எங்கே இசை நிற்கிறது, எங்கே மூச்சு மட்டும் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறி ஓடி ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை. ரூம் டோன் என்று நாம் சொல்லும் அந்த ஒரு நிமிடம் இல்லாத படத்தை எடிட்டரால் காப்பாற்ற முடியாது. பயத்துக்காக டைம்லைனில் ஒலியே இல்லாமல் விட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் அரங்கில் நினைப்பார்கள். மின்விசிறியின் முனகல் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றால்தான் மௌனம் உறைக்கும்.

கொல்கத்தாவின் ஓசைகளைத் தனியாக நாலு நாள் சேகரியுங்கள். அந்தியில் வீட்டுக்கு வீடு ஊதும் சங்கு, பெண்களின் குலவை, ஹூக்ளியில் படகின் ஊதல், டிராம் மணி, தூரத்துப் பூஜையின் டாக் மேளம். சங்கொலி அந்த ஊரில் மங்கலம். அதையே நள்ளிரவு 2 மணிக்கு ஒலிக்கவிட்டால் வங்காளிப் பார்வையாளருக்கு உடம்பு சிலிர்க்கும். யூடியூபில் இறக்கிய அலறல் எதுவும் இதற்கு ஈடாகாது. கூடவே, நீங்களே பதிவு செய்ததால் உரிமைப் பிரச்சினையும் இல்லை. திருவிழாக்களில் மாணவப் படங்கள் சிக்குவது பெரும்பாலும் யாருடைய இசையையோ அனுமதியின்றிப் போட்டதால்தான்.

பேய் என்றதும் வயலின் கீச்சிட வேண்டும் என்ற பழக்கத்திலிருந்தும் வெளியே வாருங்கள். 'கூபி காயின் பாகா பாயின்' (1969) படத்தின் புகழ்பெற்ற பேய் நடனத்துக்கு ராய் பயன்படுத்தியவை நம் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங். பாட்டே இல்லை, வெறும் தாளம். தமிழ் மாணவனுக்கு அந்தத் தாளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தெரிந்த கடம் கலைஞர் ஒருவரை அரை நாள் அழைத்து, அடிக்காமல் விரலால் உரசச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள்.

கட்

படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தடவை எடிட் செய்துவிடுங்கள். நண்பர்களை நிற்கவைத்து ஃபோனில் முழுப் படத்தையும் எடுங்கள், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் வெட்டுங்கள். எந்த ஷாட் இல்லாமல் பயம் வரவில்லை, எந்த ஷாட் வெறும் அலங்காரம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் வழக்கமாகக் காணாமல் போவது நடிகரின் முகம் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் க்ளோசப். பேயை விதவிதமான கோணத்தில் எடுத்து வைத்திருப்பார்கள், பார்ப்பவரின் முகத்தை எடுத்திருக்க மாட்டார்கள். பார்வையாளர் பயத்தைக் கற்றுக்கொள்வது அந்த முகத்திலிருந்துதான்.

ஃபுட்டேஜ் வந்ததும் மூன்று பிரதி எடுங்கள். இரண்டு வேறு வேறு டிஸ்கில், மூன்றாவது வேறு வீட்டில். அதன் பிறகுதான் கார்டை அழிக்கலாம்.

இனி டைம்லைன். 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலடி. காலடிச் சத்தம் நின்றுபோகிறது. அவள் வேகம் கூட்டுகிறாள். சீறல் ஒன்று கேட்கிறது, அரங்கமே துள்ளுகிறது. வந்தது பஸ், அவ்வளவுதான். எடிட்டர் மார்க் ராப்சன் வைத்த அந்தக் கட்டுக்குத் தயாரிப்பாளர் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். துள்ளலுக்கு முன் எவ்வளவு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை எண்ணுங்கள். ஒன்றுமில்லாத அந்த நேரம்தான் மாணவப் படங்களில் வெட்டுப்பட்டுப் போகிறது. போரடித்துவிடுமோ என்ற பயத்தில் எடிட்டர் சீக்கிரம் வெட்டுகிறார், இறுக்கம் ஏறுவதற்குள் கலைந்துவிடுகிறது. நீங்கள் வெட்ட நினைக்கும் இடத்தைத் தாண்டி இன்னும் மூன்று நொடி விட்டுப் பாருங்கள். தாங்க முடியாமல் கை மவுஸுக்குப் போகும் இடத்தில் கட் வையுங்கள்.

பார்வை எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. எடிட்டர் வால்டர் மர்ச் நல்ல கட்டுக்குச் சொன்ன ஆறு அளவுகோல்களில் முதலிடம் உணர்ச்சிக்கு, அதற்கு மட்டும் 51 சதவீதம் தருகிறார். பார்வையாளரின் கண் செல்லும் தடத்தையும் அந்த ஆறில் ஒன்றாக வைத்தார். முந்தைய ஷாட்டின் கடைசி ஃபிரேமில் கண் வலது மூலையில் இருந்தால், அடுத்த ஷாட்டில் இடது ஓரத்து இருட்டில் ஓர் உருவத்தை நிறுத்தலாம். பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். கவனித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிப்பார்கள். இசையால் அடிக்கோடு போடாமல் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒலியும் படமும் ஒரே இடத்தில் வெட்டுப்பட வேண்டியதில்லை. அடுத்த அறையின் ஒலியை இந்த அறையின் படத்துக்கு அடியில் முன்கூட்டியே நுழைத்துவிடுங்கள். பயமுறுத்தும் ஒலியைப் படத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இரண்டு ஃபிரேம் என்பது நொடியில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்குதான், ஆனால் துள்ளலும் சிரிப்பும் அந்த இடைவெளியில்தான் பிரிகின்றன.

ரஃப் கட் முடிந்ததும் ஒலியில்லாமல் ஒரு முறை, கண்ணை மூடி ஒலியை மட்டும் கேட்டு ஒரு முறை. பிறகு படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்து பேரை உட்காரவையுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். யார் எந்த நிமிடத்தில் ஃபோனை எடுத்தார், யார் எப்போது மூச்சை இழுத்தார் என்று நேரத்தோடு எழுதுங்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள். நீளத்தைப் பத்து நிமிடத்துக்குள் வையுங்கள். கடைசியாக அரங்கிலும் ஃபோனிலும் போட்டுச் சரிபாருங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் அடித்தொனி கேட்காது, ஃபோன் திரையில் நிழலின் விவரங்கள் கரைந்துபோகும்.

தமிழ் மாணவனுக்கு இன்னொரு சிக்கல், வங்காளத்திலோ அசாமியிலோ பேசும் படத்தை எடிட் செய்ய வேண்டிவரும். வசனத்தை வரிக்கு வரி அர்த்தத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு, இயக்குநரை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து வாக்கியத்தின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பேய்ப்படத்தில் பேச்சு குறைவு என்பதால் மொழி தெரியாத எடிட்டருக்கு முதல் படமாக அமைய இதைவிட நல்ல வகை கிடையாது.

எடுக்கக் கூடாதது

சூனியக்காரி என்று ஒரு கிழவியைக் காட்டிப் பயமுறுத்தும் கதையை விட்டுவிடுங்கள். புருலியா போன்ற மாவட்டங்களிலும் பக்கத்து ஜார்கண்டிலும் 'டாயின்' என்ற பட்டம் கட்டிப் பெண்களை அடித்து விரட்டியிருக்கிறார்கள், கொன்றும் இருக்கிறார்கள். நாம் எடுக்கும் படம் அந்தக் கைகளுக்கு வலுச் சேர்க்கக் கூடாது. மனநோயைப் பேயாகக் காட்டுவதும் அதே பாவம்தான். நீம்தலா படித்துறையில் சடலத்தோடு வந்தவர்களை மறைந்திருந்து படம்பிடிக்காதீர்கள். உண்மையான பயம் முகத்தில் வர வேண்டும் என்று நடிகரிடம் சொல்லாமல் திடுக்கிட வைக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் குட்டையான பழைய மொட்டை மாடியில் ஒரு துள்ளல் போதும், உயிருக்கே ஆபத்து.

படத்துக்குப் பின்

வேலைக்காக ஒரு எடிட்டரைச் சந்திக்கப் போகும்போது எல்லாப் படத்திலிருந்தும் துண்டு துண்டாக ஒட்டி, பாட்டுப் போட்ட ரீலைக் கொண்டுபோகாதீர்கள். வேகமாக வெட்டத் தெரியும் என்பது மட்டுமே அதில் தெரியும். உங்கள் பேய்ப்படத்திலிருந்து இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை முழுதாகக் காட்டுங்கள். பொறுமை, ஒலி அறிவு, நடிகரின் எந்த டேக்கைத் தேர்ந்தீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். வங்காள சினிமாவின் டோலிகஞ்ச், சென்னை, மும்பை எங்கு போனாலும் முதல் வேலை உதவி எடிட்டராகத்தான். அங்கே பார்க்கப்படுவது ஃபைல்களுக்குப் பெயர் வைத்திருக்கும் ஒழுங்கு, பேக்கப், ஒலிப் பிரிவுக்குச் சரியாக அனுப்பத் தெரிகிறதா என்பவைதான். இவற்றை மாணவப் படத்திலேயே பழகிவிடுங்கள்.

குறும்படத்திலிருந்து முழுப்படத்துக்குப் போன பாதை நமக்குப் புதிதில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுத்த முழுநீளப் படம் 'பீட்சா' (2012), பெரும்பகுதி ஒரே பங்களாவில் நடக்கும் பயம். அதை எடிட் செய்த லியோ ஜான் பால் பின்னாளில் 'மார்கன்' (2025) படத்தின் இயக்குநரானார்.

படம் முடிந்ததும் முதல் ஓராண்டு இணையத்தில் போடாமல் திருவிழாக்களுக்கு அனுப்புங்கள். முன்பே வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. கொல்கத்தா சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தியக் குறும்படங்களுக்குப் போட்டி இருக்கிறது. கேன்ஸ் விழாவின் 'லா சினேஃப்' பிரிவு திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கென்றே உள்ளது, அங்கே ராய் கல்லூரிப் படமும் தேர்வாகியிருக்கிறது. அனுப்புவதற்கு முன் டைட்டில் கார்டை ஒரு முறை பாருங்கள். ஒலிப்பதிவாளர் பெயரும் எடிட்டர் பெயரும் இயக்குநர் பெயர் அளவுக்கே பெரிதாக இருக்கட்டும். யாருக்கு என்ன பெயர் போடுவது என்பதைப் படப்பிடிப்புக்கு முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.